பேசாத கடை

முடி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்குச் சோறு இறங்காது. எனக்கு முதல் மாதம் முழுக்க இறங்கவில்லை. சாக்கைப் பிரித்தால் எண்ணெய்ச் சிக்கு, வியர்வை, பேன், யாருடைய தலையணையோ என்று ஒரு வாடை கிளம்பி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தொட்டியில் போட்டு அலசி, ஆவி காட்டி, உலர்த்தி, வலைத்துணியில் இழை இழையாகக் கோத்து, விக் ஆக்கி அனுப்புவது எங்கள் கடை. கடை என்றால் தெருவில் பலகை மாட்டிய கடை இல்லை, எல்லாம் ஆன்லைன்தான். நோயினாலோ மருந்தினாலோ முடி கொட்டிப்போனவர்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் அளவு கொடுப்பார்கள். நாங்கள் செய்து பார்சலில் அனுப்புவோம். பார்சல் கட்டுகிறவன் நான். எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிக்கிற குணம் எனக்கு உண்டு என்று என் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், அந்தக் குணத்தோடுதான் இதையும் சொல்கிறேன்.

சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை. பூட்டக்காவைப் பற்றி.

பூட்டக்கா என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். நேரில் வெறும் அக்கா. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு பேசுவது அவர் வேலை. பேசுகிற வேலைக்கு இப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடித்தார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். "இன்னிக்கு என்னக்கா மத்தியானம்?" என்று கேட்டால், "சாப்பாடு" என்பார். "மகனுக்குப் பொண்ணு பாக்குறீங்களாமே?" என்றால், "யார் சொன்னது?" என்பார். அவ்வளவுதான். மருமகள் மாசமான பிறகுதான் மகனுக்குக் கல்யாணம் ஆனதே எங்களுக்குத் தெரியும். மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க ஒருநாள் அவர் கணவர் வந்தார். நல்ல மனுஷன், பாவம். "உங்ககிட்டயாவது வாயத் திறந்து பேசுறாளா? எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து வெறும் தலையாட்டல்தான்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டு போனார்.

இந்த வாய்ப்பூட்டு எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதில்லை. அவரோடு முன்பு வேலை பார்த்த ஒரு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாராம். அங்கே டோக்கன் கிடையாது. "மூலத்துக்கு வந்தவங்க உள்ள போங்க! வெள்ளைப்பட்டதுக்கு வந்தது யாரு?" என்று கூடம் அதிரக் கூவ வேண்டும். அக்கா எழுந்து ஒவ்வொருவர் காதோடும் போய்ச் சொல்லியிருக்கிறார். வரிசை நகரவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். மறுநாள் கூவச் சொன்னபோது அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். நான் அந்த மருத்துவமனைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இப்போதும் கூவிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கருமம்.

எங்கள் கடைக்கு அந்த மூடிய வாய்தான் முதலீடு. முடி போனவர்கள் போனில் பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பாதிப் பேர் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவார்கள். அவர்களிடம் அக்கா ஒரே ஒரு வாக்கு கொடுப்பார். "பார்சல் கைக்கு வந்ததும் நாங்க உங்கள மறந்துடுவோம். நீங்களா கூப்பிட்டா ஒழிய எங்ககிட்டேருந்து ஒரு சத்தம் வராது." அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் நாளெல்லாம் சலிக்காமல் பேசினார் என்று சொல்ல வேண்டும்.

முதலாளி வேறு மாதிரி. முடியில் பிழைக்கிற மனுஷன், முடியைத் தொடமாட்டார். பட்டறைக்குள் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். தப்பித் தவறி ஓர் இழை சட்டையில் ஒட்டிவிட்டால் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும், மூக்குத் துவாரம் விரியும், கண் பாதி மூடிக்கொள்ளும். நேராக வாஷ்பேசினுக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போடுவார். நானும் மூக்கைச் சுளிக்கிறவன்தான், ஆனால் அந்த மூஞ்சி வேறு ரகம். பார்க்கிறவனுக்கே தன்மேல் ஏதோ அழுக்கு இருப்பதுபோலக் கூசும். "இந்த மாசம் எத்தன மொட்டைங்க?" என்றுதான் வியாபாரத்தைக் கேட்பார். அக்கா ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

அந்த முதலாளியின் மனைவியும் எங்கள் வாடிக்கையாளர் என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அது ஆறு வருஷத்துக் கதை. முதலாளியம்மாவுக்கு முதலில் வட்டம் வட்டமாக முடி கொட்டியது. பிறகு மொத்தமும் போய்விட்டது. கணவருக்குத் தெரியாமல் தன் அக்கா வீட்டிலிருந்து எங்கள் கடைக்குப் போன் செய்து, பூட்டக்காவிடம் மட்டும் தான் யாரென்று சொல்லியிருக்கிறார். பொய்ப் பெயரில் ஆர்டர், போன் நம்பர் மட்டும் தன்னுடையது. எங்களுக்குப் பின்னந்தலைப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் வலை சரியாக உட்காராது. அம்மாவின் அக்கா முதலாளி வீட்டுக்கே வந்து, படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பச்சை பீரோவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். பார்சலை அந்த அக்கா வீட்டில் நேரில் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கதவைத் திறந்தது தலையில் துண்டைச் சுற்றிய முதலாளியம்மா. பார்சலை நீட்டினேன். அவர்தான் பேசினார்.

"அவருக்குத் தெரியக் கூடாதுப்பா. திட்டுவார்னு பயம் இல்ல. அந்த மூஞ்சி இருக்கே, அத என்னப் பாத்து வச்சார்னா நான் அப்புறம் அந்த வீட்ல எப்படி நடமாடுவேன்?"

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு வருஷம் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அடுத்தவன் தோளில் கிடக்கிற ஒற்றை முடி கண்ணில் படுகிற மனுஷனுக்குத் தன் மனைவி தலையில் இருப்பது எங்கள் பட்டறைச் சரக்கு என்று தெரியவில்லை. விக் அவ்வளவு நன்றாக இருந்தது என்றும் சொல்லலாம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை என்றும் சொல்லலாம்.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பழைய ஆன்லைன் கடையைப் பார்த்தால் வயிற்றைப் பிரட்டும். முதலாளியின் தம்பி வெளிநாடு போவதற்கு முன்னால் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இருமல் மருந்து நிறத்தில் பின்னணி. மேலே எழுத்துகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னொரு பொத்தான் காணாமல் போகும். இரண்டு பேர் சேர்ந்தாற்போல ஆர்டர் போட்டால் மயங்கி விழுந்துவிடும், அக்கா அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும். வருஷா வருஷம் யார் யாரோ வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒட்டின்மேல் ஒட்டாகி, அடியில் என்ன துணி என்றே யாருக்கும் தெரியாது.

ஆனாலும் அதில் இருந்த வசதிகள் வேறெங்கும் கிடையாது. முடியின் நிறத்தை வெயிலில், டியூப்லைட்டில், மஞ்சள் பல்பில் என்று மூன்று வெளிச்சத்தில் காட்டும். உச்சிச் சுழி வலமா இடமா என்று கேட்கும். நரை எவ்வளவு கலக்கட்டும் என்று கேட்கும், ஐம்பது வயதுத் தலையில் ஒரே நாளில் கருகருவென்று வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அல்லவா. என்ன பெயர் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம். பார்சலின் மேல் 'பொத்தான், நூல்' என்றுதான் அச்சாகும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அக்காவிடம் போனில் அழுததால் வந்தது.

வாடிக்கையாளர்களிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற கம்பெனி ஒருநாள் கை விரித்துவிட்டது. இவ்வளவு பழைய கடையோடு எங்களால் மாரடிக்க முடியாது, சீக்கிரம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். முதலாளிக்கு ஒரே மகள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை சோப்புக் கம்பெனி ஒன்றில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தார். அறைக்குள் நுழையும்முன் அவர் சென்ட் நுழையும். அதையும் முடி வாடையையும் சேர்த்து முகர்ந்து பாருங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லுங்கள்.

"மாமா, இது கடையே இல்ல, மியூசியம்" என்றார் மாப்பிள்ளை. "ரெடிமேடா நல்ல நல்ல ஆன்லைன் கடை கிடைக்குது. அதுல ஏறிக்குவோம்."

"ஏறு. ஆனா நம்மகிட்ட இருக்கிற விசேஷம் ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது" என்றார் முதலாளி. "அதுக்காகத்தான் மொட்டைங்க நம்மள தேடி வருது."

பழைய கடை என்னென்ன செய்கிறது என்று அக்காவை உட்கார வைத்துக் கேட்டார்கள். சொல்லச் சொல்லச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மூன்று வெளிச்சம், சுழி, நரை, பொய்ப் பெயர், பொத்தான் நூல். எல்லோரும் சேர்ந்து அவ்வளவு பேச வைத்ததில் அக்காவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது. ரெடிமேட் கடையில் இதில் எதுவும் கிடையாது, தனியாக எழுத வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை கூட்டி வந்த கம்ப்யூட்டர் பையன்கள். "சுழியையெல்லாம் எவன் பாப்பான்?" என்று மாப்பிள்ளை சலித்துக்கொண்டார். "பாப்பாங்க" என்றார் அக்கா. அதையும் எழுதினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை முணுமுணுத்தாரே தவிர எதையும் விட்டுவிடவில்லை.

புதிய கடை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அக்காவே வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து, இல்லாத பெயரில், இடச்சுழி வைத்து ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்தார். என் மேசைக்குச் சீட்டு சரியாக வந்தது. 'பொத்தான், நூல்' என்று அழகாக அச்சாகியிருந்தது. "நல்லா இருக்கு" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

செய்கிறதையெல்லாம் எழுதினோம். செய்யாததை யார் எழுதுவார்கள்? பழைய கடைக்குப் பேசத் தெரியாது. பார்சல் போனதும் வாயை மூடிக்கொள்ளும். எப்படி இருக்கிறது என்று கேட்காது, நட்சத்திரம் போடச் சொல்லாது, வா வா என்று கூப்பிடாது. தம்பிக்காரர் விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் அதையெல்லாம் எழுதாமல் போனார், அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அக்கா கொடுத்த வாக்கு அந்த ஊமைத்தனத்தின்மேல்தான் நின்றது. இல்லாத ஒன்றுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ரெடிமேட் கடையோ வரும்போதே வாயாடியாக வருகிறது. பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புகிற ஸ்விட்ச் முதலிலிருந்தே போட்டபடி இருக்கும். மாப்பிள்ளைக்கு அது தெரியும். அவருக்கு அது இலவசமாகக் கிடைத்த விருந்து. போதாததற்கு, செய்தியோடு அவரவர் பழைய படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டார். 'உங்கள் பயணம்' என்று அதற்கு ஒரு பெயர். வழுக்கைத் தலைப் படத்தை எடுத்து அந்தத் தலைக்கே அனுப்பிவைப்பது பயணமாம்.

திறப்பு விழா நாளன்று கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். ஒவ்வோர் ஆர்டர் விழும்போதும் காசு விழுகிற மாதிரி ஒரு 'டிங்' சத்தம் வைத்திருந்தார் மாப்பிள்ளை. காப்பி குடித்து முடிப்பதற்குள் அக்காவின் போன் அடித்தது.

ஒரு பெண் குசுகுசுவென்று பேசினார். "என் போன் மாமியார் கையில இருக்கு, இது வீட்டுக்காரர் போன். பசங்க விளையாடட்டும்னு குடுத்திருந்தேன். படம் வந்திருக்கு. அவங்க இன்னும் மூடல, பாத்துக்கிட்டே இருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அக்கா பதில் சொல்லுமுன் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். உடனே இன்னொன்று. ஓர் ஆண் குரல், கோபமே இல்லாமல். "அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. உங்க முடி பழசாயிருக்குமே, புதுசு வாங்கிக்கோங்கன்னு வந்திருக்கு. யாருக்கு வாங்கட்டும்?"

அக்கா எழுந்து மாப்பிள்ளையிடம் போனார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், என்ன போகுது இங்கேருந்து?"

மாப்பிள்ளை பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். 'ஹாய்! எங்களை ஞாபகம் இருக்கா? உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! அந்தத் தலைக்குப் புதுசா ஒண்ணு வேணாமா?' கீழே இரண்டு இதயம். அதற்குக் கீழே படம்.

"நிறுத்துங்க சார்."

"எதுக்கு? இதோ பாருங்க, அனுப்பினதுல முக்காவாசிப் பேர் திறந்து பாத்திருக்காங்க. சோப்புக் கம்பெனில இதுல கால்வாசி வந்தாலே பார்ட்டி வைப்போம்." டிங். "பாத்தீங்களா? வாங்குறாங்க!"

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல். வாங்கினார்கள். யாரோ அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில் யாரோ உண்மையிலேயே புதுசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டிங், டிங் என்று அந்தச் சனியன் அடித்துக்கொண்டே இருந்தது. விற்காமல் போயிருந்தால் மாப்பிள்ளையே நிறுத்தியிருப்பார்.

"மாமா வரட்டும், அவர் சொன்னா நிறுத்துறேன்" என்றார் மாப்பிள்ளை.

அக்கா தன் இடத்துக்குத் திரும்பி வந்து எதையோ தேடினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டார். திரையில் முதலாளியம்மாவின் பழைய ஆர்டர். அதில் இருந்த போன் நம்பரை விரலால் தொட்டுக் காட்டினார். அது முதலாளியின் நம்பர். கடைக்கென்று தனியாக ஒரு போன் வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன்பு மனைவியின் போனை நம்பரோடு எடுத்துக்கொண்டு, அவருக்கு வேறு வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போது தினமும் எங்களை விரட்டுவது அந்த நம்பரிலிருந்துதான். வாயே திறக்காத கடைக்குப் பழைய நம்பர் இருந்தால் என்ன, புது நம்பர் இருந்தால் என்ன? அம்மாவும் மாற்றச் சொல்லவில்லை, அக்காவும் மாற்றவில்லை.

"இன்னும் போகல" என்றார் அக்கா மெதுவாக. "புது ஆளுங்கள்லேருந்து பழைய ஆளுங்களுக்குப் போயிட்டிருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னால வாங்கினவங்க வரைக்கும்தான் வந்திருக்கு."

அந்த ஒரு பெயரையாவது அழித்துவிடலாம் என்று அமுக்கிப் பார்த்தார். புதிய கடையில் அழிக்கிற உரிமை மாப்பிள்ளைக்கு மட்டும்தானாம், கடவுச்சொல் கேட்டது. அவரிடம் போய் எந்தப் பெயர், எதற்கு என்று சொல்வது?

முதலாளி வந்தார். டிங் சத்தத்தைக் கேட்டதும் வாசலிலேயே முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா எதிரில் போய் நின்றார்.

"சார், இத உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன், நல்லாத்தானே போகுது?"

"யார் யார் கைக்கோ போகுது சார். நான் ஒவ்வொருத்தருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன். இங்கேருந்து ஒரு சத்தம் வராதுன்னு."

"உன் வாக்கா கடைக்கு வாடகை கட்டுது?" என்று சிரித்தார் முதலாளி. "டோப்பா வாங்கினவன் வாங்கினேன்னு சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு? திருடியா வாங்கினான்?"

டோப்பா என்ற சொல்லை அக்கா முன்னால் நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கண் முழுக்க முதலாளியின் சட்டைப்பையில் இருந்த போன்மேல் இருந்தது.

"சார், உங்க போன கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

அக்கா நின்றார். 'என் போனில் சார்ஜ் இல்லை', 'ஒருத்தரைக் கூப்பிடணும்', ஆயிரம் பொய் இருக்கிறது. எனக்கே வரிசையாக வந்தது. அவருக்கு ஒன்று வரவில்லை. காலமெல்லாம் வாயை மூடியே சமாளித்த மனுஷிக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் முந்திக்கொண்டு, "சார், என் போன் செத்துப்போச்சு, வீட்டுக்கு ஒரு..." என்று ஆரம்பிப்பதற்குள் முதலாளியின் சட்டைப்பையில் மணி அடித்தது.

முதலாளி எடுத்துப் பார்த்தார்.

மேலுதடு ஏறியது. மூக்கு விரிந்தது. "ச்சீ! கருமம்!" என்று போனை ஒரு கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். "யாரோட மண்டைய்யா இது, உரிச்ச பன்னி மாதிரி! எனக்கு எதுக்குடா அனுப்புறீங்க?"

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "தப்பா வந்திருக்கும் மாமா, இருங்க பாக்கிறேன்." படத்தை விரலால் பெரிசாக்கினார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மாமா, இந்தப் பச்சை பீரோ... நம்ம வீட்டு பீரோ இல்ல? கைப்பிடி உடைஞ்சு, கயிறு கட்டி..." நிறுத்தினார். அப்புறம், ஐயோ, சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். "அத்தையா!"

முதலாளி மறுபடி படத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்த பிறகு பார்த்தார். அப்போதாவது அந்த முகம் மாறும் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். மாறவில்லை. அதே உதடு, அதே மூக்கு, அதே பாதிக் கண். போனை மேசையில் நழுவ விட்டார். எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஒருமுறை கழுவிவிட்டு மறுபடியும் போட்டார்.

நான் முடி மூட்டையில் பேன் பார்த்திருக்கிறேன், செத்த எலி பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட அருவருப்பு எதிலும் பட்டதில்லை.

திரும்பி வந்து, "எல்லாத்தையும் நிறுத்து" என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் நின்றது. அக்கா கெஞ்சியபோது, செத்துப்போனவளின் புருஷன் கேட்டபோது நிற்காதது, அவர் வீட்டு பீரோ தெரிந்ததும் நின்றது. டிங் சத்தத்தையும் அணைத்தார்கள். முதலாளி அக்காவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார். மேசையில் கிடந்த போனை அக்கா கவிழ்த்து வைத்தார். "ஆறு வருஷமா என் சாப்பாட்ட அந்தக் கையாலதானே பரிமாறினா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முடி இல்லாத தலைக்கும் பரிமாறுகிற கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும்.

மாப்பிள்ளை அதற்குள் வராந்தாவுக்குப் போய்த் தன் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "கேளேன், உங்கம்மா..." என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

அக்கா கைப்பையை எடுத்தார். நானும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கூடவே கிளம்பினேன். முதலாளி வீடு அடுத்த தெரு தாண்டித்தான். எப்படியாவது முதலாளிக்கு முன்னால் போய்விட வேண்டும், நாம் சொல்லி அம்மாவுக்குத் தெரியட்டும் என்ற எண்ணம்தான் இரண்டு பேருக்கும்.

முதலாளியம்மா கதவைத் திறந்தார். விக் தலையில்தான் இருந்தது, வாரி முடிந்து ஒழுங்காக. கையில் போன். மகள் முந்திக்கொண்டுவிட்டாள் என்று பார்த்ததும் தெரிந்தது. எங்களை உள்ளே வரச் சொன்னார். கூடத்தில் மின்விசிறியைப் போட்டார். நாங்கள் உட்காரவில்லை.

"நீ சொல்லியிருக்கமாட்டன்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்காவிடம். "அந்த மெஷின் சொல்லிடுச்சாமே."

"நம்பர மாத்தாம விட்டுட்டேன்மா."

"நானும்தான் விட்டேன்." சோபாவின் கைப்பிடியில் லேசாகச் சாய்ந்துகொண்டார். "மாப்பிள்ளை சிரிச்சாரா?"

"சிரிச்சார்மா" என்றார் அக்கா.

"ரொம்பவா?"

"ரொம்ப நேரம் சிரிச்சார்."

அம்மா தலையாட்டினார். மாப்பிள்ளை அப்படித்தான் என்பதுபோல. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அவர் எப்படி இருந்தார்? படத்தப் பாத்ததும் அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சொல்லுங்கக்கா என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். கலங்கிட்டார்மான்னு சொல்லுங்க. ஒண்ணும் பேசாம உக்காந்துட்டார்னு சொல்லுங்க. ஒரு பொய், ஒரே ஒரு பொய். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டாவது தடவை சோப்புப் போட்ட அந்தக் கைகள் கண்ணில் வந்து நின்றன, எனக்கும் நாக்கு எழவில்லை.

அம்மா காத்திருந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை சிரிச்சத மட்டும் கேட்டவுடனே சொல்லிட்ட" என்றார்.